எண்பது எழுத்து

ஒன்றேகால் கோடி ரூபாய் வண்டிக்குக்
குறை எழுதும் கட்டம் இவ்வளவுதான்:
எண்பது எழுத்து.
கொம்புக்குத் தனி, புள்ளிக்குத் தனிக் கணக்கு.
அதற்கு மேல் தட்டினால் வாங்காது.

ஓசூர் சிப்காட், கண்ணாடிச் சுவர், காப்பி மெஷின்.
சட்டைப் பையின் மேல் என் பெயர், முனிகிருஷ்ணன்.
வருகிறவர்கள் பேசுவதைக்
கட்டத்துக்குள் மடித்து வைப்பது என் வேலை.

பர்கூர் திம்மராயன், கிரானைட் தொழில்:
"மேலுமலை இறக்கம் தம்பி. பிரேக்ல காலு வெச்சா
பாறையில வெச்ச மாதிரி இருந்திச்சு.
பாறை எனக்குத் தெரியும்.
இருவது வருசமா அதைத்தான் அறுக்கறேன்."
நான் தட்டினேன்:
பிரேக் மிதி இறுகுவதாக வாடிக்கையாளர் உணர்கிறார்.

உணர்கிறார்.
பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சொல்.
இறுகுகிறது என்றால் பழி வண்டி மேல்.
உணர்கிறார் என்றால் அவர் மேல்.

டாக்டர் ஹசீனா, இரவுப் பணி முடித்து நேராக வந்தவர்:
"டயர் சுத்துது, திரை செத்துப்போச்சு.
லைட்டும் அதுக்குள்ள, வைப்பரும் அதுக்குள்ள.
சூளகிரியில அடைமழை.
முன்னால போன தக்காளி வண்டியோட பின்விளக்கைப்
பிடிச்சுக்கிட்டே வந்தேன்.
அதுல எரிஞ்சதே ஒண்ணுதான்."
நான் தட்டினேன்:
திரையில் அவ்வப்போது தாமதம்.

தேன்கனிக்கோட்டை சௌடப்பா, ரோஜாப் பண்ணை,
மூன்றாம் முறையாக வருகிறார். பேசவில்லை.
கதவு தானே பூட்டிக்கொண்டு
உள்ளே பிள்ளை, வெளியே வெயில்,
கண்ணாடியை உடைத்தாரே ஒரு கல்,
அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப்
போய் உட்கார்ந்துகொண்டார்.
இன்னும் அங்கேயே இருக்கிறது.
ரசீதுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

நாங்களும் ஓட்டிப் பார்க்காமல் இல்லை.
ராமநாயக்கன் ஏரி வரை போவோம், திரும்புவோம்.
கம்ப்யூட்டரைச் செருகிக் கேட்டால்
தன்னிடம் தவறில்லை என்று வண்டியே சொல்லும்.
கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வருவது ஏற்றம்.
ஏறுகிற வண்டிக்குப் பிரேக்கோடு என்ன பேச்சு?
எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை,
அல்லது
தோன்றியவன் சொல்லவில்லை.
குறை காணப்படவில்லை. முத்திரை. கையெழுத்து.

ஆடி பதினெட்டு, டிரைவர் லீவு.
திம்மராயன் வண்டியை ஒப்படைக்க நானே எடுத்தேன்.
இருக்கை முதுகைப் பிசைந்துவிட்டது,
ஏசி கழுத்தருகே மூச்சு விட்டது,
நான்கூட ஒரு கடன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்,
அறுபத்து மூன்று வருடம் வந்தது.
மேலுமலை. முன்னால் சிமெண்ட் லாரி.
கால் வைத்தேன்.

பாறை.

இரண்டு காலும் வைத்தேன்.
திரையில் காப்பிக் கோப்பை ஒன்று எரிந்து
களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றது.
கைப்பிரேக் என்பது இதில் ஒரு பொத்தான்.
எங்கே இருக்கிறது என்று
தினம் நாலு பேருக்குக் காட்டிக்கொடுக்கும் விரல்
அன்றைக்குத் தேடியது.

நடுத்திட்டு அரளிதான் பிடித்தது.
நாற்பது ஐம்பது செடி இருக்கும்.
லாரிக்காரர் ஓரங்கட்டி இறங்கி வந்து
தண்ணீர் கொடுத்தார். என்ன விலை என்றார்.
சொன்னேன்.
"நம்மளது பன்னெண்டு வருசப் பழசு" என்றார்,
"நிக்கும்."

மறுநாள் வேலைக்குப் போனேன்.
ஓட்டுநர் அசதி என்று போட்டுவிடு, என்றார் மேலாளர்.
கெட்டவரில்லை. அவருக்கும் மாசக் கணக்கு.
வாடிக்கையாளர் பெயர் கேட்டது கட்டம்.
என் பெயரைக் கொடுத்தேன்.
கல்லை நகர்த்திவிட்டுத் தட்டினேன்:

மேலுமலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை.
ஓட்டியது நான்.
ஏறும்போது தெரியாது, இறங